வாசித்துக் காட்டக் கேட்டு

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் ஊருக்குக் கார்கள் வந்துவிடும். சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்திருக்கிற நேரம். குற்றாலத்தில் குளித்த ஈரத்தலையோடு வந்து இறங்குகிறவர்கள், வரப்பு மிதிபட, பூவுக்குள் முகத்தை நுழைத்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். 1992-இல் வந்த ‘ரோஜா’ படத்தில் கதாநாயகியின் ஊருக்கு எங்கள் ஊர்ப் பேரையே வைத்தார்கள். அதற்கப்புறம் கூட்டம் குறைந்ததே இல்லை. எடுக்கிற படங்களில் எல்லாம் பின்னால் மேற்கு மலை நீலமாகக் கிடக்கும். அந்த மலையடியில் பளியர்கள் இருக்கிறார்கள் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். “வேட்டையெல்லாம் ஆடுவாங்களா?” என்றுதான் முதல் கேள்வி வரும்.

எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டால் கோபம் வராது, வெட்கம்தான் வரும். அவர்களாவது கேட்கிறார்கள். நான் கேட்காமலேயே பதிலை எழுதிவிட்டவன்.

நான் மனு எழுதுகிறவன். 1983-இல் தென்காசியில் ஒரு வேப்பமரத்தடியில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்தேன். டெம்மித் தாள், கார்பன், ஊதா மை டப்பா, கைநாட்டு துடைக்க ஒரு கந்தல் துணி. அப்போது ஒரு மனுவுக்கு இரண்டு ரூபாய், இப்போது ஐம்பது. பட்டா பெயர் மாற்றம், முதியோர் பென்ஷன், வாய்க்கால் ஆக்கிரமிப்பு, ஓடிப்போன புருஷன். வருகிறவர்கள் கதையை நடுவிலிருந்து ஆரம்பிப்பார்கள், பாதியில் அழுவார்கள், அழுகைக்கு நடுவே சர்வே எண்ணைச் சொல்வார்கள். அதைப் ‘பொருள்’, ‘பார்வை’ என்று பிரித்துப் போட்டு, ‘பணிந்து சமர்ப்பிக்கும் மனு’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கத்தில் முடிக்க வேண்டும். இந்தத் தொழிலில் கை தேறத் தேற ஒரு கெட்ட பழக்கமும் வந்து ஒட்டிக்கொள்ளும். வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே அடுத்த பத்தி நம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

பளியர் ஒருவர் என் மேசைக்கு முதலில் வந்தது 2004-இல். கடையநல்லூருக்கு மேற்கே மலையடியில் ஒரு குடியிருப்பு. சாதிச் சான்றிதழுக்காக வந்திருந்தார். மகள் எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள், ஹாஸ்டலில் சேர்க்கச் சான்றிதழ் கேட்கிறார்கள். பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் கொடுக்க முடியாது, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். அப்பாவிடம் சான்றிதழ் இருக்கிறதா என்றால் இல்லை. தாத்தாவிடம் காகிதம் என்று ஒன்று இருந்ததே இல்லை. பள்ளிக்கூடப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் சாதி ‘பள்ளர்’ என்று எழுதியிருந்தது. யாரோ ஓர் ஆசிரியர் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். இரண்டு எழுத்து மாறினால் பட்டியல் மாறிவிடும். பழங்குடிப் பிள்ளை ஆதிதிராவிடப் பிள்ளை ஆகிவிடும்.

அட்டவணையை எடுத்துப் பார்த்தேன். தமிழ்நாட்டுப் பழங்குடிகள் அப்போது மொத்தம் 36 வரிசை எண். அதில் இந்த ஒரே இனத்துக்கு மூன்று எண். ஆங்கிலத்தில் மூன்று விதமாக எழுதினவர்கள் அதை மூன்று சாதியாக ஆக்கிவிட்டார்கள். எந்த எண்ணில் இவரைப் போடுவது என்று ஒரு முழுச் சாயங்காலம் விவாதம் நடந்தது. மலையிலிருந்து வந்தவர் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு இருந்தார்.

காணிக்காரர் என்ற இன்னொரு மலைக்குடியின் கதை இதைவிடக் கூத்து. அட்டவணையில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: கன்னியாகுமரி மாவட்டத்திலும் திருநெல்வேலி மாவட்டத்துச் செங்கோட்டை வட்டத்திலும் இருந்தால் மட்டும் பழங்குடி. இந்த இரண்டும் 1956 நவம்பர் முதல் தேதி வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதிகள். பழைய சமஸ்தானத்தின் கணக்கு அப்படியே புது அட்டவணைக்கு வந்து சேர்ந்தது. பாபநாசம் மலையில் இருக்கிற காணிகளோ அம்பாசமுத்திரம் வட்டம். அதே மலை, அதே பேச்சு, கொண்டு கொடுத்த சொந்தம். வட்டத்தின் எல்லைக்கு இந்தப் பக்கம் பழங்குடி, அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. அம்பாசமுத்திரம் என்ற ஒரு சொல் அந்த அடைப்புக்குறிக்குள் போய்ச் சேர 2003 ஆயிற்று. எழுதுகிறவன் விடுகிற ஒரு சொல்லுக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று எனக்குப் பாடம் சொன்னது அந்த அட்டவணைதான். பாடம் படித்தும் நான் திருந்தவில்லை என்பது பின்னால் வரும்.

வன உரிமைச் சட்டம் 2006 டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 2007 கடைசி நாளில் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்தைப் பற்றி எங்கள் பக்கத்து டீக்கடைகளில் பேசுவதை எல்லாம் தொகுத்தால் வேறொரு சட்டமே எழுதலாம்.

எனக்கு வடகரையில் ஒரு சிநேகிதர் உண்டு. தென்னையும் வாழையும் போட்டிருக்கிறார். யானை வந்து குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். பன்றி வந்து கிழங்கைத் தோண்டிவிட்டுப் போகும். அவர் வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது. “அண்ணாச்சி, நம்ம தோட்டத்துல பன்னி விழுந்துட்டுன்னு ஒரு கம்பியைக் கட்டினா கேஸு. அந்த மலைக்காரங்க மட்டும் எதை வேணாலும் அடிக்கலாம்னு சட்டம் போட்டிருக்காவளாம்லா?” என்றார். அடுத்த பெஞ்சிலிருந்து இன்னொருவர், “ஆளுக்குப் பத்து ஏக்கர் காட்டை வேற எழுதிக் குடுத்தாச்சாம்” என்றார்.

சட்டத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் வாசித்தேன். மூன்றாம் பிரிவில் உரிமைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். தேன், மெழுகு, மூங்கில், பிரம்பு, மூலிகை, கிழங்கு எல்லாம் உண்டு. நீர்நிலையில் மீன் பிடிக்கலாம். மாடு மேய்க்கலாம். காட்டைக் காப்பாற்றும் உரிமையும் உண்டு. கடைசிக்கு முந்தியது ‘எல்’ என்ற கூறு: வழக்கமாக அனுபவித்து வந்த பிற மரபுரிமைகள் எல்லாமும் உண்டு, வேட்டையாடுவதும் பொறி வைப்பதும் விலங்கின் உடல் உறுப்பை எடுப்பதும் நீங்கலாக. வேட்டைக்கு அனுமதி கொடுத்த சட்டம் என்று ஊரே பேசுகிற சட்டம், வேட்டை என்ற சொல்லைப் பேர் சொல்லி வெளியே தள்ளிய சட்டம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பழங்குடிகளின் வேட்டை உரிமைக்கு ஒரே ஓர் இடத்தில் கதவு திறந்து வைத்திருக்கிறது. அது 65-ஆம் பிரிவு, நிக்கோபார் தீவுகளின் பழங்குடிகளுக்கு மட்டும். வடகரையிலிருந்து நிக்கோபார் போக வேண்டுமானால் கடல் தாண்ட வேண்டும்.

பத்து ஏக்கர் கதைக்கும் அடி இல்லாமல் இல்லை. நான்கு ஹெக்டேர் என்று சட்டத்தில் இருக்கிறது, அது உச்சவரம்பு. 2005 டிசம்பர் 13-ஆம் தேதியில் ஒருவர் கையில் உண்மையாகவே எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான். அரை ஏக்கர் இருந்தால் அரை ஏக்கர். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேரிலும் எழுதுவார்கள். பிள்ளைக்குப் போகும், விற்க முடியாது. இது தெரியாமல் ஒரு நிலத் தரகர் வெள்ளைச் சட்டையும் புது பைக்குமாக என் மேசைக்கு வந்து, “அந்த மலைப் பட்டா கைமாறுமா, பார்த்துச் சொல்லுங்க” என்று ஐந்நூறு ரூபாயை ரப்பர் ஸ்டாம்புக்கு அடியில் செருகினார். செருகின வேகத்திலேயே திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பழங்குடி அல்லாதவர்கள் இந்தச் சட்டத்தில் கேட்க வேண்டுமானால் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அந்தக் காட்டை நம்பியே இருந்ததற்குச் சான்று வேண்டும் என்றதும் பைக் கிளம்பிவிட்டது.

வடகரைச் சிநேகிதர் விடவில்லை. 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் காட்டுப்பன்றி அறிவிப்பு வந்தபோது என்னைத் தேடி வந்தார். காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்த பன்றியைச் சுடலாம் என்று அறிவிப்பு. “இப்பமாவது மலைக்காரனுக்கு வேலை வந்துட்டுல்லா” என்றார். அதிலும் சுடுகிறவர்கள் வனத்துறையினர்தான் என்று காட்டினேன். அவருக்கு ஏமாற்றம். அவர் மனதில் மலைக்காரன் என்றால் துப்பாக்கி.

இனி என் கதை.

சட்டம் வந்தும் தமிழ்நாட்டில் பட்டா நகரவில்லை. 2008-இல் உயர்நீதிமன்றத்தில் ஓர் இடைக்கால உத்தரவு: மனுவை வாங்கலாம், விசாரிக்கலாம், பட்டா கொடுக்கும் முன் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும். அந்தத் தடை விலக 2016 ஆயிற்று. அடுத்த வருஷம் அந்தப் பழைய ஆள் திரும்பவும் வந்தார். இப்போது தலை முழுக்க வெள்ளை. ஹாஸ்டலில் சேர்ந்த மகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் ஆகிவிட்டது. சமுதாய உரிமைக்குப் படிவம் போட வேண்டும் என்றார். தனி ஆளுக்குப் படிவம் ஏ, சமுதாயத்துக்குப் படிவம் பி. தேன் எடுக்க, கிழங்கு தோண்ட, கடுக்காய், நெல்லி, சீயக்காய், கல்பாசி பொறுக்க.

அவர் சொன்னது இவ்வளவுதான். “சாமி, நாங்க தேன் எடுப்போம். கிழங்கு தோண்டுவோம். கடுக்காய் பொறுக்கி முன்னால ஏலக்காரருக்குக் குடுப்போம், அவரு வெச்சதுதான் விலை. இப்ப நாங்களே விக்கணும்.”

அருமையான வாக்கியம். அப்படியே எழுதியிருந்தால் போதும். என் கைதான் சும்மா இருக்கவில்லை. சான்று வலுவாக இருக்க வேண்டும், தொன்மை தெரிய வேண்டும் என்று, பள்ளிக்கூடத்தில் படித்த பாடமெல்லாம் பேனாவில் இறங்கியது. “எமது முன்னோர்கள் பன்னெடுங்காலமாக அடர்ந்த வனத்தில் வேட்டையாடியும், தேன், கிழங்கு முதலியவற்றைச் சேகரித்தும் வாழ்ந்து வந்த ஆதிகுடிகள் ஆவர்” என்று எழுதினேன். எழுதி முடித்து ஒரு தடவை வாசித்து எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன். அவர் கைநாட்டு வைத்தார்.

ஓர் அலுவலகத்தில், எது என்பது இங்கே வேண்டாம், மனுவை வாங்கிப் பார்த்தவர் ஒரே சொல்லைச் சிவப்பு மையால் சுழித்தார். “வேட்டையாடுறோம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. என்னத்தை வேட்டையாடுறீங்க? எப்ப? எதை வெச்சு?” கேள்வி கேட்டவர் மிரட்டும் குரலில் கேட்கவில்லையாம், சிரித்துக்கொண்டேதான் கேட்டிருக்கிறார். ஆனால் கேட்கப்பட்டவருக்கு அது சிரிப்பாகப் படவில்லை. பல வருஷங்களுக்கு முன்னால், காட்டில் சுருக்கில் மாட்டிச் செத்த மிளா ஒன்றுக்காக அவரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் உட்கார வைத்திருந்தார்கள். சுருக்கு வைத்தது கீழேயிருந்து வந்த ஆட்கள் என்று பிறகு தெரிந்து அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டு நாளை அவர் மறந்திருக்கவில்லை. மனுவை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி நடந்தவர் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டார். நாலு மாசம் ஆள் வரவில்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது அவருடைய மூத்த பேரன் மூலம். பேரனுக்கு என்ன வேலை தெரியுமா? வேட்டைத் தடுப்புக் காவலர். வனத்துறையில் தற்காலிக வேலை, ராத்திரி ரோந்து. தாத்தா வேட்டையாடுகிறார் என்று காகிதத்தில் நான் எழுதியிருக்கிறேன். அதைத் தடுக்கச் சம்பளம் வாங்குகிறான் பேரன். மேற்குத் தொடர்ச்சி மலை நெடுக இந்த வேலையில் பழங்குடிப் பையன்கள்தான் நிறைய. காடு தெரிந்தவன் வேண்டுமென்றால் அவர்களைத்தானே கூப்பிட வேண்டும். அந்தப் பையன் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. “தாத்தா அப்படிச் சொன்னாராண்ணே?” என்று மட்டும் கேட்டான்.

சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில் டொரண்டோவில் இருக்கிற என் அக்கா மகன் போனில் பேசினான். வழக்கமான பேச்சு முடிந்து நான் இந்தக் கவலையைச் சொன்னேன். “மாமா, இங்கயும் அதே பேச்சுதான்” என்றான். அவன் வேலை பார்க்கிற இடத்தில், குளிர்காலம் வந்தால் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களாம். அதற்கு லைசென்ஸ், சீசன், எண்ணிக்கை எல்லாம் உண்டு. மேட்டி என்கிற மக்களுக்கு அதெல்லாம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சுடலாம், பாட்டிக்குப் பாட்டி ஒருத்தி பூர்வகுடி என்று சொன்னால் போதும் என்று சாப்பாட்டு மேசையில் பொருமுவார்களாம். நம் வடகரைக்காரரை அப்படியே கம்பளிச் சட்டை போட்டு உட்கார வைத்த மாதிரி இருந்தது எனக்கு.

விசாரித்து வாசித்தேன். ரோமத் தோல் வியாபாரத்துக்கு வந்த பிரெஞ்சு, ஸ்காட்லாந்து ஆட்களுக்கும் பூர்வகுடிப் பெண்களுக்கும் பிறந்த வழியில், தமக்கென்று ஒரு மொழியும் வாழ்க்கையும் கொண்டு தனி இனமாகவே ஆனவர்கள் மேட்டிகள். கனடாவின் 1982-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் 35-ஆம் பிரிவில் அவர்களையும் பூர்வகுடிகளாக ஏற்றது. 1993 அக்டோபரில் ஒண்டாரியோ மாகாணத்தில் சூ செயின்ட் மேரி என்ற ஊருக்கு வெளியே, ஸ்டீவ் பவுலி என்பவரும் அவர் மகனும் லைசென்ஸ் இல்லாமல் ஒரு மூஸைச் சுட்டார்கள். மூஸ் என்பது நம் மிளாவைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். மறைக்கவில்லை, குளிர்காலத்துக் கறிக்காக எடுத்தது என்று சீட்டு எழுதிக் கட்டிவைத்தார்கள். வழக்கு பத்து வருஷம் நடந்து, 2003 செப்டம்பரில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் பவுலி பக்கம் தீர்ப்புச் சொன்னது. எவரோ ஒரு மூதாதை இருந்தால் போதாது. தன்னை மேட்டி என்று சொல்லிக்கொண்டு வந்திருக்க வேண்டும், பழைய மேட்டிச் சமூகத்தோடு வம்சத் தொடர்பு இருக்க வேண்டும், இன்றுள்ள சமூகம் அவரைத் தங்கள் ஆள் என்று ஏற்றிருக்க வேண்டும். அந்த வட்டாரத்துச் சமூகத்தின் உரிமை, அந்த வட்டாரத்தில், சாப்பாட்டுக்கு. விலங்கினம் அழியும் நிலை வந்தால் அரசு கட்டுப்படுத்தலாம். டொரண்டோ சாப்பாட்டு மேசைக்காரர்கள் இதில் பாதியைக்கூட வாசித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு அதில் தைத்தது வேறொன்று. அங்கே ‘எங்கள் முன்னோர் வேட்டையாடினார்கள்’ என்பது சான்று; அதை நிரூபித்தால் ஜெயிக்கலாம். இங்கே அதே வாக்கியம் ஒப்புதல் வாக்குமூலம். நான் என் கட்சிக்காரருக்குக் கனடாவில் எழுதவேண்டிய மனுவைத் தென்காசியில் எழுதிக் கொடுத்திருந்தேன்.

மலைக்குப் போனேன். போனது மன்னிப்புக் கேட்க. அவர் குடிசைக்கு முன்னால் ஈஞ்ச மாறு கட்டிக்கொண்டிருந்தார். நான் சுற்றி வளைத்து ஏதேதோ சொன்னேன். அவர் மாறைக் கட்டி முடித்து, தரையில் ஒரு தட்டுத் தட்டிச் சமமாக்கிவிட்டுச் சொன்னார்: “நீங்க எழுதினதை நீங்கதான சாமி வாசிக்கணும். எனக்கு எழுத்துத் தெரியாதுல்ல.”

நான் எழுதுகிற பத்திரங்களிலும் வாக்குமூலங்களிலும் கடைசியில் ஒரு வரி வரும்: ‘மேற்கண்டவை எனக்கு வாசித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டு, கைரேகை வைத்தேன்.’ முப்பத்து நாலு வருஷத்தில் அந்த வரியை எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன். வாசித்துக் காட்டியது எத்தனை தடவை என்று அந்தக் குடிசை வாசலில் நின்று எண்ணிப் பார்த்தேன். கூட்டம் இல்லாத நாளில், பணக்காரர்களுக்கு.

அன்றைக்கு அவர் என்னைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார், பேரனும் வந்தான். கல் ஏறி எனக்குப் பழக்கமில்லை. ஐம்பதடிக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றேன். நின்ற இடத்துக்கெல்லாம் ஒரு பேர் இருந்தது. எந்தப் பாறையில் எந்தக் குடும்பம் தேன் எடுக்கும் என்று அவர் சொன்னார். எடுத்தாலும் ஒரு பாறையில் எல்லாக் கூட்டையும் எடுப்பதில்லை. பெருந்தேன் எடுக்கக் கொடியைக் கட்டி இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிக்கிறவன் பெண்டாட்டியோட அண்ணனோ தம்பியோவாகத்தான் இருக்க வேண்டும். “கூடப் பொறந்தவனையே நம்பக் கூடாது. மச்சான்தான் விடமாட்டான். விட்டா அவன் தங்கச்சி தாலியில்ல போகும்?” வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியைக் காட்டினார். தலைக்கிழங்கைக் கொடியோடு விட்டு மண்ணை மூடியிருந்தது. அடுத்த மழைக்கு அது பிடிக்கும். சுந்தரபாண்டியபுரத்தில் போர்வெல்லை எழுநூறு அடிக்கு இறக்குகிற எங்களுக்கு அந்தக் குழிக்கு முன்னால் பேச ஒன்றும் இல்லை.

ஒரு மரத்தடியில் உட்கார்ந்தபோது கேட்டே விட்டேன். “உண்மையிலேயே வேட்டை கிடையாதா?” அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். தாத்தா காலத்தில் நாயை விட்டு உடும்பு, முயல் பிடித்ததுண்டு. ஓடையில் மீனும் நண்டும் எப்போதும் உண்டு. தோட்டாவும் துப்பாக்கியுமாக வந்து மிளா, கடமா அடித்துக்கொண்டு போனதெல்லாம் கீழே இருந்து வந்த பெரிய மனுஷர்கள். ஜமீன் காலத்தில் அவர்களுக்கு வழி காட்டிக் கூட்டிப்போனவர் அவர் அப்பா. “அவங்களுக்கு வேட்டைன்னு பேரு. எங்களுக்குச் சாப்பாடு” என்றார். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து பளியர்களிடையே வந்து தங்கி ஆராய்ந்தவர் பீட்டர் கார்ட்னர் என்ற மானிடவியலாளர். அவர் இந்த மக்களைப் பற்றி எழுதியதில் முதலில் வருவது சண்டையைத் தவிர்த்து விலகிப்போகும் குணம். அடிக்க வந்தால் இடத்தை விட்டுப் போய்விடுவார்கள். அந்த அலுவலகத்திலிருந்து இறங்கி நடந்ததும் அதுதான் போல.

அந்த ‘நீங்கலாக’ என்ற சொல் வன உரிமைச் சட்டத்தில் இருப்பது நியாயமா என்று கேட்டால் எனக்கு இரண்டு மனசு. புலியும் மிளாவும் மிச்சமிருக்க வேண்டும் என்றால் கதவு சாத்தியே இருக்கட்டும் என்று ஒரு மனசு சொல்கிறது. முகவுரையில் ‘வரலாற்று அநீதி’ என்று தானே எழுதிக்கொண்ட சட்டம், ஒரு முயலைக் கறியாக்கிய தாத்தாவையும் தந்தத்துக்குச் சுட்டவனையும் ஒரே சொல்லில் கட்டிப் போட்டதே என்று இன்னொரு மனசு சொல்கிறது. பளியர் யாரும் அந்த உரிமையைக் கேட்டு இதுவரை என் மேசைக்கு வந்ததில்லை. கேட்பார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் கீழே இருக்கிற நாங்கள்தான்.

மனுவைப் புதிதாக எழுதினேன். விதிகளில் 13-ஆம் விதி எதெதைச் சான்றாக ஏற்கலாம் என்று சொல்கிறது. அரசுப் பதிவேடு, கெஜட்டியர், ஆராய்ச்சிக் குறிப்பு இவற்றோடு கிணறு, இடுகாடு, வழிபாட்டு இடம் போன்ற கண்ணால் காணக்கூடிய அடையாளங்களும் சான்று. பெரியவர் காட்டிய இடங்களைப் பேரன் ஒரு வரைபடமாகப் போட்டான். அவனுக்கு ரோந்து வழிகள் தெரியும் என்பதால் கோடு பிசகவில்லை. அதே விதியில் எனக்குப் பிடித்த ஒரு சான்று உண்டு: உரிமை கேட்பவர் அல்லாத முதியவர் ஒருவரின் வாய்மொழி, எழுத்தில் பதியப்பட்டது. எழுத்துத் தெரியாதவர்களின் நினைவை அரசாங்கம் காகிதமாக ஒப்புக்கொள்கிற இடம் அது. பக்கத்துக் குடியிருப்பில் ஒரு பாட்டி நெல்லிக்காய் பொறுக்கிப் பிரித்துக்கொண்டே சொல்ல, நான் கீழே உட்கார்ந்து எழுதினேன். எந்தச் சாமிக்கு எந்த மாசத்தில் பொங்கல், எந்தப் பாறைக்கு அடியில் யாரைப் புதைத்தது, பஞ்சத்தில் எந்தக் கிழங்கைத் தின்று பிழைத்தது. நடுவில் நான் ஒரு நல்ல சொல்லாகப் போட்டு வாசித்தபோது நிறுத்தினாள். “அதை நான் சொல்லலையே.” அடித்துவிட்டு அவள் சொன்னதைப் போட்டேன். மூன்று பக்கம். முழுக்க வாசித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் திருத்தினாள்.

2019 பிப்ரவரியில் மனு நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டை விட்டு இறக்கச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு வந்தது. பதினைந்தாம் நாள் அந்த உத்தரவையே அந்த நீதிமன்றம் நிறுத்திவைத்தது. உத்தரவு வந்த செய்தி டீக்கடைக்கு அன்றைக்கே வந்துவிட்டது. நிறுத்திவைத்த செய்தி இன்னும் சிலருக்கு வரவில்லை. “அவங்களைத்தான் இறக்கச் சொல்லியாச்சே” என்று இப்போதும் கேட்கிறவர்கள் உண்டு.

அந்தப் பாட்டி அடுத்த ஆடியில் போய்ச் சேர்ந்தாள். அவள் சொன்ன மூன்று பக்கத்தின் கார்பன் நகல் என் பெட்டியில் இருக்கிறது; அவளுக்குப் பிறகு அந்தப் பாறைகளின் பேர் முழுக்கத் தெரிந்தவர் அந்தப் பக்கத்தில் இல்லை.

சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் மலையடியில் வயசானவர்களைத் தெரிந்த யாராவது இதை வாசித்தால், அவர்களைத் தென்காசிக்குக் கூட்டி வாருங்கள். நடக்க முடியாதென்றால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன். திங்கட்கிழமைகளில் மனு நாள் என்பதால் கூட்டம் இருக்கும், மற்ற நாளில் வாருங்கள். முதியவர் வாக்குமூலத்துக்கு நான் காசு வாங்குவதில்லை. கேட்டு எழுதி, முழுக்க வாசித்துக் காட்டி, அதற்கப்புறம்தான் மை டப்பாவைத் திறப்பேன்.